பூட்டிக் கிடக்கும் பழைய தெருவை என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் ஒரு சிறு நகரின் உள்ளாட்சிக் குழுவில் உறுப்பினர். ஊரின் நடுத்தெருவில் நூறு வயதைத் தாண்டிய கட்டடங்கள் நாற்பது இருக்கின்றன; அதில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. ஒரு தரப்பு ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது என்கிறது. இன்னொரு தரப்பு, எல்லாவற்றையும் இடித்துவிட்டு நான்கு மாடியில் வணிக வளாகம் கட்டினால்தான் ஊர் உருப்படும் என்கிறது. பழமையையும் வளர்ச்சியையும் எப்படிச் சமன் செய்வது?

இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதும், அவற்றுக்கான விதிகளை எழுதுபவர்களுக்கு ஆலோசனை சொல்வதும்தான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தராசை முதலில் கீழே வையுங்கள். இந்தத் தட்டில் பழமை, அந்தத் தட்டில் வளர்ச்சி என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கூட்டம் முழுக்க வாக்குவாதத்திலேயே போய்விடும். பெருநகரத்தில் பழைய கட்டடத்தைக் கொல்வது பணம். சிறு நகரத்தில் கொல்வது பெரும்பாலும் பூட்டு. உங்கள் கேள்வியில் என் கண்ணில் உறுத்தியதும் ‘பாதி பூட்டிக் கிடக்கின்றன’ என்ற அந்த ஒரு வரிதான்.

பூட்டிய வீடு எப்படிச் சாகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு ஓடு நழுவும். உள்ளே ஆள் இருந்தால் மறுநாளே ஏணி போட்டு மாற்றிவிடுவார். ஆள் இல்லாத வீட்டில் அந்த ஓட்டை வழியாக ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் இறங்கும். உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் ஈரம் தங்கும். மரம் முதலில் இற்றுப்போவதும் அங்கேதான். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் சருகும் புறா எச்சமும் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் சுவரோடு வழியும், இடுக்கில் ஒரு செடி வேர்விடும். சில வருடம் கழித்து மாடித்தளம் ஒரு பக்கம் சாய்ந்த பிறகு ஒரு பொறியாளர் வந்து ‘ஆபத்தான கட்டடம்’ என்று எழுதிக் கொடுப்பார். அவர் எழுதியது பொய்யில்லை. ஆனால் வயதாகிவிட்டதால் விழுந்தது என்று ஊர் பேசிக்கொள்ளும். அந்த ஒரு ஓட்டை யாருக்கும் நினைவிருக்காது.

நெதர்லாந்தில் 1973இல் இதற்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். பெயர் மோனுமென்டன்வாக்ட், ‘பழங்கட்டடக் காவல்’ என்று வைத்துக்கொள்ளலாம். உரிமையாளர் சந்தா கட்டி உறுப்பினர் ஆகிறார். ஏணியும் கருவிகளும் ஏற்றிய வண்டியில் ஆட்கள் வந்து கூரையிலிருந்து அடிவரை பார்த்து, எது அவசரம், எது பொறுக்கும் என்று அறிக்கை தருகிறார்கள். நழுவிய ஓடு, அடைத்த குழாய் போன்ற சில்லறை வேலைகளை அங்கேயே முடித்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான் திட்டம். 1991இல் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியும் இதையே எடுத்துக்கொண்டது. பாரம்பரியப் பாதுகாப்பு என்ற பெயரில் உலகத்தில் நடக்கும் எத்தனையோ காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ரிப்பன் வெட்ட வழியில்லாத வேலை என்பதால்தான் பல ஊர்களில் இதைச் செய்வதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் ஊரில் ஒரு கொத்தனார், ஒரு தச்சர், ஒரு வண்டி போதும். வருடத்துக்கு ஒருமுறை நாற்பது கூரைகளையும் ஏறிப் பார்ப்பது பெரிய வேலையே இல்லை.

அடுத்து, ஏன் பூட்டியிருக்கிறது என்று கதவு கதவாகக் கேளுங்கள். ‘சந்தை இல்லை’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகராதீர்கள். ஒரு கதவுக்குப் பின்னால் ஏழு வாரிசுகள், ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. இன்னொன்றில் உரிமையாளர் வேறு நாட்டில். மூன்றாவதில் வளாகம் வரப்போகிறது, நிலத்தின் விலை ஏறும் என்று காத்திருக்கிறார்கள்; அங்கே பூட்டைப் போட்டதே உங்கள் குழுவின் தயக்கம்தான். நான்காவது வகைதான் எனக்குச் சுவாரசியமானது. கீழே கடை நன்றாக நடக்கும், மேலே இரண்டு மாடி காலி. ஏன் என்று உள்ளே போய்ப் பார்த்தால் மாடிப்படியே இருக்காது. கடையின் முகப்பை அகலமாக்க யாரோ முன்பு படிக்கட்டை எடுத்துவிட்டிருப்பார்கள். மேலே போக வழி இல்லாததால் அங்கே யாரும் குடியிருக்கவில்லை. குடியிருப்பவர் இல்லாததால் கடை மூடியதும் தெரு செத்துவிடுகிறது. பின்பக்கத்தில் ஒரு படிக்கட்டு, இரண்டு கட்டடங்களுக்குப் பொதுவாகப் போட்டுக் கொடுத்தால் எத்தனையோ வீடுகள் திரும்பக் கிடைக்கும். வளாகம் கட்டாமல் கிடைக்கிற தளப்பரப்பு அது.

சரி, பணம். பழுதுபார்க்கும் செலவை உரிமையாளர் தலையில் மட்டும் கட்டிவிட்டு ‘இடிக்காதே’ என்று உத்தரவு போட்டால் என்ன நடக்கும்? அவர் இடிக்கமாட்டார். மழைக்கு இடிக்க விட்டுவிடுவார். புறக்கணிப்பாலேயே இடிப்பது என்று இதற்குப் பல நாட்டுச் சட்டங்களில் தனியாகப் பிரிவு இருக்கிறது. கூரையைக் காக்காத உரிமையாளருக்கு அபராதம் போடும் அதிகாரம் பல நகரங்களுக்கு உண்டு. அபராதம் மட்டும் இருந்தால் போதாது. அமெரிக்காவில் பட்டியலிட்ட பழைய கட்டடத்தை முறைப்படி சீரமைத்து வருமானம் வரும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தால், தகுதியான செலவில் 20 சதவீதத்தைக் கூட்டரசின் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். பிரான்ஸில் ஆந்த்ரே மால்ரோ கலாசார அமைச்சராக இருந்தபோது 1962இல் வந்த சட்டம், ஒற்றைக் கட்டடத்தை விட்டு ஒரு பகுதியையே பாதுகாக்கும் வழியைத் திறந்தது. அந்தப் பகுதிகளில் பழுதுபார்க்கும் செலவுக்கு வரிச்சலுகையும் பின்னால் சேர்ந்தது. உங்கள் குழுவுக்கு வருமான வரியில் கைவைக்க முடியாது. ஆனால் சொத்து வரி உங்கள் கையில் இருக்கிறதா? அப்படியானால் கூரையைச் சரிசெய்து ஆள் குடிவைத்தவருக்குச் சில வருடம் வரியை உயர்த்தாமல் விடலாம். பூட்டியே வைத்திருப்பவருக்குக் கூட்டலாம். அனுமதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். சாரத்துக்கான கம்பிகளையும் பலகைகளையும் ஊர்ப்பொதுவில் வாங்கி வைத்துக்கொண்டு இலவசமாகக் கொடுக்கலாம். பழைய கட்டட வேலையில் சாரத்தின் வாடகை எவ்வளவு தின்னும் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அது உங்கள் அலுவலக அலமாரியிலேயே இருக்கலாம். கட்டட விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்து பாருங்கள். தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும், பக்கத்தில் இத்தனை அடி விட வேண்டும், ஒவ்வொரு கடைக்கும் இத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்று இருக்கும். சுவரோடு சுவர் ஒட்டி, தெருவை முட்டிக்கொண்டு நிற்கும் அந்த நாற்பது கட்டடங்களில் ஒன்றுகூட இன்றைக்கு அனுமதி வாங்க முடியாது. ஊர் எதைப் பார்த்துப் பெருமைப்படுகிறதோ அதை ஊரின் விதியே தடை செய்து வைத்திருக்கிறது. பழுதுபார்க்க விண்ணப்பித்தாலும் ‘புதுக் கட்டடத்துக்கு உரிய எல்லாத் தகுதியும் வேண்டும்’ என்பார்கள். படிக்கட்டின் அகலம் நான்கு விரற்கடை குறைந்தாலும் கோப்பு திரும்பிவிடும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1998இல் இதற்காகத் தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தார்கள். எவ்வளவு பெரிய மாற்றம் செய்கிறீர்களோ அந்த அளவுக்குத்தான் புது விதி பொருந்தும். சன்னலை மாற்றுகிறவர் படிக்கட்டை மாற்ற வேண்டியதில்லை. அதே நேரத்தில் தீ, வெளியேறும் வழி போன்றவற்றில் அடிப்படைப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதில்லை. எளிமையான யோசனைதான். நடுத்தெருவுக்கு மட்டும் கார் நிறுத்த விதியை நீக்கிவிட்டு, ஒட்டிக் கட்ட அனுமதித்தாலே உங்களுக்கு வரும் விண்ணப்பங்களின் தன்மை மாறுவதைப் பார்ப்பீர்கள்.

எதைக் காப்பது என்பதை எப்போது முடிவு செய்கிறீர்கள் என்பது, எதைக் காக்கிறீர்கள் என்பதற்கு இணையாக முக்கியம். நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையம் 1910இல் திறந்தது. 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். கூட்டம் போட்டார்கள், பதாகை பிடித்தார்கள், தடுக்கச் சட்டம் இல்லை. நகரத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1965இல். தூண்கள் பல அதற்குள் குப்பை மேட்டுக்குப் போயிருந்தன. அதே நாட்டில் சார்ல்ஸ்டன் என்ற ஊர் 1931இலேயே பழைய பகுதிக்கு எல்லை வரைந்து, வெளித்தோற்றத்தை மாற்றும் முன் ஒரு குழுவிடம் காட்ட வேண்டும் என்று விதி செய்துவிட்டது. வளாகம் கட்ட வருபவர் மனு கொடுத்த பிறகு நீங்கள் பட்டியல் போட ஆரம்பித்தால் அது அவருக்கு எதிராகப் போட்ட பட்டியல் போலத்தான் தெரியும், நீதிமன்றத்திலும் அப்படித்தான் வாதாடுவார்கள். முன்பே இருந்தால் அவரே நிலம் வாங்கும்போது பார்த்துக்கொள்வார். விலையும் அதற்கேற்ப இருக்கும். கட்டுபவர்கள் பயப்படுவது கண்டிப்பான விதிக்கு இல்லை, மாறிக்கொண்டே இருக்கும் விதிக்கு.

பட்டியலை மூன்று தரமாகப் பிரியுங்கள். உள்ளும் புறமும் தொடக்கூடாதது கொஞ்சம், ஐந்தாறு போதும். முகப்பும் கூரை வடிவமும் கட்டட அளவும் இருக்க வேண்டும், உள்ளே மாற்றிக்கொள்ளலாம் என்பது நிறைய. மூன்றாவது, தெருவுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கிறது, வேண்டுமானால் போகலாம் என்பது. இந்த மூன்றாவது தரத்தை எழுதத் துணிச்சல் வேண்டும். எல்லாவற்றையும் முதல் தரத்தில் போட்டு வைத்தால் ஊரில் யாரும் பட்டியலை மதிக்கமாட்டார்கள்.

பழைய கட்டடத்துக்கு வேலை கொடுப்பது அதை அவமதிப்பது ஆகாதா என்று முதல் தரப்பு கேட்கும். பாதுகாப்புத் துறையின் அடிப்படை ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமே, சமூகத்துக்குப் பயன்படும் காரியத்துக்கு உபயோகிப்பது பாதுகாப்புக்கு உதவும் என்றுதான் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற பழைய தாமிரச் சுரங்க ஊரில் 1979இல் உருவான சாசனம் இன்னும் நடைமுறையாகப் பேசும்: தேவையான அளவு மாற்று, ஆனால் முடிந்தவரை குறைவாக மாற்று. இரண்டு சாசனமும் சேர்ந்து செயலில் எப்படி இருக்கும் என்பதற்குப் பிரான்ஸின் சார்லா நல்ல உதாரணம். 10,000 பேருக்கும் குறைவானவர்கள் வாழும் ஊர்; மால்ரோ சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த இடங்களில் ஒன்று. அங்கே சான்த் மரி என்றொரு பழைய தேவாலயம், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வழிபாடு நின்று, பல கை மாறி, சிதிலமாகக் கிடந்தது. அதைச் சந்தைக் கூடமாக மாற்றினார் கட்டடக் கலைஞர் ழான் நூவெல். அந்த ஊரில் வளர்ந்தவர்தான் அவர். வாசலுக்குப் பழைய பாணியில் போலி மரக்கதவு செய்து வைக்கவில்லை. கட்டடத்தின் உயரத்துக்கு மிகப்பெரிய எஃகுக் கதவுகளை மாட்டினார். கல் பழையது, கதவு புதியது என்பது பார்த்த உடனே தெரிகிறது, ஒன்றையொன்று ஏமாற்றவில்லை. வெனிஸ் சாசனம் கேட்பதும் இதைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வளாகம் கட்டுபவர் உங்களிடம் ‘முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் புதிதாகக் கட்டுகிறேன்’ என்று வருவார். சமரசம் போலத் தோன்றும். முகத்தை மட்டும் உரித்து எலும்புக்கூட்டில் ஒட்டுவது அது. பிரஸ்ஸல்ஸ் நகரம் இதற்குப் பேர் போனது. சன்னல்கள் ஒரு உயரத்திலும், பின்னால் இருக்கும் தளங்கள் வேறொரு உயரத்திலும் இருக்கும். சன்னலுக்கு நடுவே கான்கிரீட் பலகை ஓடும். என்னைக் கேட்டால் அதைவிட நேர்மையான புதுக் கட்டடம் மேல். புதியது வரட்டும், ஆனால் பழைய மனையின் அகலத்தை மதிக்கட்டும். நடுத்தெருவின் அழகு பூவேலையிலும் தூணிலும் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி அகலத்தில் இருக்கிறது. குறுகிய மனைகள், பத்தடி இருபதடிக்கு ஒரு வாசல். ஐந்து மனையைச் சேர்த்து ஒரே கண்ணாடிச் சுவர் எழுப்பினால், எவ்வளவு அழகாக வடிவமைத்தாலும் அந்த இடத்தில் நடப்பவர் வேகமாகத்தான் நடப்பார்.

பொருளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நானே ஒரு கட்டடத்தைக் கெடுத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் செங்கல் சுவரில் காரை உதிர்ந்திருந்தது. உறுதியாக இருக்கட்டும் என்று சிமெண்டுக் கலவை வைத்து இடுக்குகளை அடைக்கச் சொன்னேன். எல்லோரும் பாராட்டினார்கள். மூன்று வருடம் கழித்துப் போனபோது நான் வைத்த சிமெண்ட் கோடு கோடாகத் துருத்திக்கொண்டு நின்றது. செங்கற்களின் முகம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். சுவருக்குள் வந்த தண்ணீர் சாந்து வழியாக ஆவியாகும். உப்புப் பூத்து உதிர்வதும் சாந்துதான், சில பத்தாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். தண்ணீர் செங்கல் வழியாக வெளியேறும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதன் முகத்தைத் தள்ளும். அப்புறம் மாற்ற வேண்டியது செங்கல்லையே. நெகிழிப் பெயிண்டும் இதே தவறுதான். எனவே உங்கள் விதியில் ஒரே ஒரு தொழில்நுட்ப வரி எழுத இடம் இருந்தால், பழைய சுவருக்குச் சிமெண்ட் பூச்சு கூடாது என்று எழுதுங்கள். கூடவே சுண்ணாம்பு வேலை தெரிந்த நான்கு பேரை ஊரில் பயிற்றுவிக்க வேண்டியிருக்கும். பழைய தெருவால் உள்ளூரில் உருவாகும் முதல் வேலைவாய்ப்பு அதுதான்.

பழைய தெருவுக்கு நவீன வசதி வேண்டாம் என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் டுகெசோங் என்ற பழைய ஊர்ப்பகுதி, பெரும்பாலும் மரவீடுகள். 2014 ஜனவரியில் ஒரே இரவில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. சந்துகளில் தீயணைப்பு வண்டி நுழைய முடியவில்லை, குழாய்களில் தண்ணீர் வரவில்லை. ஜப்பானின் ஷிரகாவாகோ இதற்கு நேர் எதிர். செங்குத்தான வைக்கோல் கூரைகள் கொண்ட அந்தக் கிராமத்தைச் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட நீர்ப்பீச்சிகளை மறைவாகப் பொருத்தியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து சோதிப்பார்கள். அன்றைக்கு ஊரே நீரூற்றுக்குள் நிற்பது போல இருக்கும். பழமையைக் காக்க எவ்வளவு புதுமை தேவை என்பதற்கு அதைவிட வேறு படம் வேண்டாம். மின்கம்பி, கழிவுநீர், தீயணைப்பு நீர் ஆகிய மூன்றையும் தெருவை ஒரே தடவை தோண்டும்போது போட்டு முடியுங்கள். மூன்று துறைகள் மூன்று தடவை தோண்டினால் அடித்தளங்கள்தான் முதலில் அசையும். முதியவர் ஏறுவதற்குச் சாய்தளம், பின்பக்கத்தில் லிப்ட் எல்லாம் வரட்டும். கழிப்பறை சரியில்லாத வீட்டில் இளம் குடும்பம் எதுவும் குடிவராது, எவ்வளவு அழகான திண்ணை இருந்தாலும்.

அடுத்து சுற்றுலா. நடுத்தெருவைக் காப்பாற்றச் சுற்றுலாதான் வழி என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அளவோடு இருந்தால் நல்லது. ஜப்பானில் ட்சுமாகோ என்ற ஊர், பழைய நெடுஞ்சாலையில் ஒரு தங்கல் நிலையம். ரயில்பாதை வேறு பக்கமாகப் போனதும் ஊர் வாடிவிட்டது. வாடியதால்தான் வீடுகள் இடிபடாமல் தப்பின என்பது வேடிக்கை. 1968இல் சீரமைக்கத் தொடங்கினார்கள். 1971இல் ஊர்க்காரர்களே கூடி, விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தீர்மானம் போட்டுக்கொண்டார்கள். மின்கம்பிகளை வீடுகளுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். பகலில் முக்கியத் தெருவில் கார் வராது. வெளியூர்ப் பணம் வந்து வீடுகளை வளைத்துப்போடாமல் இருக்க அந்தத் தீர்மானம் வேலி போல நின்றது. உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தாது. பாதி வீடு பூட்டிக் கிடக்கும் ஊரில் ‘வாடகைக்கு விடாதே’ என்றால் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு. எடுத்துக்கொள்ள வேண்டியது முடிவை ஊர்க்காரர்களே எடுத்தார்கள் என்பதை.

வேலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு லாவோஸின் லுவாங் பிரபாங்கைப் பாருங்கள். 1995இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கட்டடங்கள் பொலிவாயின, குடும்பங்கள் பல வீட்டை விடுதிக்காரர்களுக்கு விட்டுவிட்டு ஊருக்கு வெளியே போய்விட்டன. வெனிஸின் பழைய நகரத்தில் 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் 50,000க்கும் கீழே போய்விட்டது. ஒரு சன்னல்கூட உடையவில்லை, ஆனால் பால் வாங்கப் போகிறவர் குறைந்துவிட்டார். மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் வேறு விதம். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 இறுதியோடு முடிந்தது; வாடகை எகிறியது; தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் இருந்த கைவினைஞர்களும் சிறு வியாபாரிகளும் வெளியேறினார்கள். உலகப் பாரம்பரியப் பட்டம் 2008இல் வந்தபோது கட்டடம் இருந்தது, அதில் இருந்தவர்களில் பலர் இல்லை. இத்தாலியின் போலோன்யா 1970களிலேயே இதை யோசித்திருந்தது. பொது வீட்டுவசதிக்கான பணத்தை ஊருக்கு வெளியே புது அடுக்குமாடியில் கொட்டாமல், பழைய மையத்தில் இருந்த தொழிலாளர் வீடுகளைச் சீரமைக்கச் செலவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் கட்டுப்படியான வாடகையில் அங்கேயே தொடர வேண்டும் என்பது திட்டத்தின் உயிர். உங்கள் ஊரில் பொது வீட்டுவசதிக்கு ஒதுக்கீடு ஏதாவது இருந்தால், அந்தக் காலி மாடிகளை நினைத்துப் பாருங்கள்.

பட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனியின் டிரெஸ்டென் எல்பே பள்ளத்தாக்கு 2004இல் உலகப் பாரம்பரியம் ஆனது. ஆற்றின் குறுக்கே நான்குவழிப் பாலம் வேண்டும் என்று 2005இல் மக்கள் வாக்களித்தார்கள். பாலத்தைக் கட்டினார்கள், 2009இல் பட்டம் போனது. அவர்கள் செய்தது சரியா தவறா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். என் பார்வையில் இடம் தவறு, சுரங்கப் பாதையாக யோசித்திருக்கலாம். ஆனால் ஊரைக் கேட்டு, ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். பல ஊர்களில் அதுகூட நடப்பதில்லை. ஒரு கோப்பில் ஒரு கையெழுத்தோடு தெரு போய்விடுகிறது.

இனி அந்த நான்கு மாடிக்காரர். அவரை வில்லனாக்காதீர்கள். ஊரில் பணம் போடத் தயாராக இருக்கும் ஆட்கள் சிறு நகரத்தில் அதிகம் கிடைக்கமாட்டார்கள். நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் அடுக்குமாடிக் கோபுரம் கட்ட நகரம் மறுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978இல் நகரம் வென்றது. அங்கே மேலே கட்டும் உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள உரிமையாளருக்கு வழி இருந்தது. நீதிமன்றம் அதையும் கணக்கில் எடுத்தது. இந்த உரிமை மாற்றத்தைப் பல ஆலோசகர்கள் உங்களுக்கும் பரிந்துரைப்பார்கள். நிலத்துக்கு அடிதடி இருக்கும் பெருநகரத்தில்தான் அந்தக் காகிதத்துக்கு விலை. எங்கு வேண்டுமானாலும் நான்கு மாடி கட்ட இடம் கிடைக்கும் ஊரில் அதை யார் வாங்குவார்? உங்களுக்கு எளிதான வழி உண்டு. நடுத்தெருவின் வரைபடத்தை எடுத்து ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் மனைகள், மூன்றாம் தரக் கட்டடங்கள், தெருவுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் திடல், மூடிப்போன கிடங்கு எல்லாவற்றையும் குறியுங்கள். பெரும்பாலான ஊர்களில் வளாகத்துக்குத் தேவையான பரப்பு அங்கேயே தேறிவிடும். அங்கே அவருக்கு வேகமாக அனுமதி கொடுங்கள், ஒரு மாடி கூடக் கொடுங்கள். அவருடைய வளாகத்தின் வாசல் நடுத்தெருவைப் பார்த்து இருக்க வேண்டும், நெடுஞ்சாலையைப் பார்த்து இல்லை என்ற நிபந்தனை மட்டும் போதும்.

சிலவற்றை இடிக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது அளந்து வரைந்து, படம் எடுத்து வைத்துக்கொண்டு, கதவு, உத்திரம், ஓடு, கல் எல்லாவற்றையும் கழற்றி ஊர்ப்பொதுக் கிடங்கில் சேருங்கள். பக்கத்துக் கட்டடத்தைப் பழுதுபார்க்க அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

யார் இதையெல்லாம் செய்வது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1977இல் கேல்ஸ்பர்க், ஹாட் ஸ்பிரிங்ஸ், மேடிசன் என்ற மூன்று சிறு ஊர்களில் வாடிப்போன கடைத்தெருக்களை மீட்கச் சோதனை முயற்சி ஒன்று நடந்தது. பின்னால் நாடு முழுக்கப் பரவிய ‘மெயின் ஸ்ட்ரீட்’ திட்டத்தின் தொடக்கம் அதுதான். ஊருக்கு ஒரு முழுநேர ஆளைப் போட்டார்கள். கடைக்காரர்களையும் உரிமையாளர்களையும் நகராட்சியையும் சந்திப்பது, காலி இடத்துக்கு ஆள் தேடுவது, ஒரு பலகையை மாற்ற வைப்பது, ஒரு சின்னக் கடனுக்கு வங்கிக்குக் கூடப் போவது எல்லாம் அவர் வேலை. குழுக்கள் மாதம் ஒருமுறை கூடும். கூரை தினமும் ஒழுகும். அதனால் நிதியில் முதல் ஒதுக்கீடு அந்த ஒரு சம்பளத்துக்கு இருக்கட்டும்.

அவருக்கு முதல் மாதம் கொடுக்க வேண்டிய வேலை ஒன்றுதான். நாற்பது கட்டடத்துக்கும் ஒரு தாள் வீதம்: யார் பெயரில் இருக்கிறது, ஏன் பூட்டியிருக்கிறது, மாடிக்கு வழி இருக்கிறதா, கூரை எப்படி இருக்கிறது. மழை வருவதற்குள் முடித்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து அந்தத் தாள்களை மேசையில் பரப்புங்கள். ஒழுகும் கூரைகளை முதலில் எடுத்து வையுங்கள்.